மழை விட்ட நேரமும் மைதானமும்: வாசகர் கேள்வி – பதில்

மழைக்கால மாதங்களில் பிள்ளைகளின் வெளிவிளையாட்டு, குடும்பத்தாரின் நடைப்பயிற்சி ஆகியவை குறித்து எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வடசென்னையிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, அப்பகுதிப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் இங்கே விடையளிக்கிறார்.

கேள்வி: ஐயா, ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகனின் கதைப் புத்தகத்தில், இலையுதிர் காலத்தில் பிள்ளைகள் பெற்றோருடன் பூங்காவில் ஓடுவதும் சைக்கிள் ஓட்டுவதுமாகப் படங்கள் இருக்கின்றன. “நமக்கு அப்படி ஒரு காலமே கிடையாதா?” என்று கேட்கிறான். நமக்கோ அந்த மாதங்கள் மழையிலேயே கழிகின்றன. தீபாவளிக்குச் சாத்திய கதவைப் பொங்கலுக்குத்தான் திறக்கிறோம். அதுவரை அவனுக்குக் கைப்பேசிதான் துணை. அவனுக்கு என்ன பதில் சொல்வது?
(வாசகி, புது வண்ணாரப்பேட்டை)

பதில்: உண்டு என்று சொல்லுங்கள், அம்மா. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று அழைத்தார்கள். வடக்கத்திய நாடுகளில் இலை பழுத்து உதிர்கிற அதே வாரங்களில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. இலை உதிர்வதில்லையே தவிர, வெயில் தணிந்து உடல் ஓடுவதற்கு இசைந்து வருகிற காலம் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான்.

மே மாதத்தில் சென்னையின் பகல் வெப்பம் சராசரியாக 37 பாகையைத் தாண்டுகிறது. நவம்பரில் அது 30 பாகையை ஒட்டியே நின்றுவிடுகிறது. ஓடும் உடல் தன் சூட்டைப் பெரும்பாலும் வியர்வை உலர்வதன் மூலமே தணித்துக்கொள்கிறது. வெயில் கடுமையாக இருக்கும்போது இதயம் தசைகளுக்கும் தோலுக்குமாக இரண்டு பக்கமும் இரத்தத்தை இறைக்க வேண்டியிருப்பதால் பிள்ளைகள் விரைவில் களைத்துவிடுகிறார்கள். ஏப்ரலில் மைதானத்தை இரண்டு முறை சுற்றியதும் மரநிழலைத் தேடிப் போய் உட்கார்ந்த அதே பிள்ளைகள், கார்த்திகை மாதத்தில் ஐந்து சுற்று ஓடிவிட்டு “இன்னும் ஒன்று, சார்” என்று கேட்டதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். ஓட்டத்தைத் தொடங்குவதற்கு ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் நவம்பரைச் சொல்வேன்.

மழை பெய்கிறதே என்பீர்கள். சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் பெய்கிறது என்பது உண்மை. ஆனால் அது நாள்தோறும் அளந்து ஊற்றுவதில்லை. வங்கக்கடலில் ஒரு தாழ்வழுத்தம் உருவாகும், இரண்டு மூன்று நாட்கள் கொட்டும், பிறகு வானம் வெளுத்துச் சில நாட்கள் ஓய்ந்திருக்கும். பணியில் இருந்தபோது மைதானத்தில் கால்வைக்க முடியாத நாட்களை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பேன். 2015 போன்ற வெள்ள ஆண்டுகளை விட்டுவிட்டால், வட்டமிடாத நாட்களே எப்போதும் மிகுதியாக இருந்தன. நாம் மழை பெய்த நாட்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, மழை விட்ட நாட்களையும் சேர்த்துப் பிள்ளைகளைப் பூட்டி வைக்கிறோம்.

இந்த மாதங்களில் மழையைவிடப் பெரிய தடை மாலை வெளிச்சம்தான். ஜூனில் ஆறரை மணிக்கு மேல் மறையும் சூரியன் நவம்பர் நடுவில் 5.40 மணிக்கே மறைந்துவிடுகிறது. நாலேகால் மணிக்குப் பள்ளி விட்டு, வீட்டுக்கு வந்து, சீருடை மாற்றி, டிபன் சாப்பிட்டு, டியூஷனுக்கும் போய் வந்தால் தெரு இருட்டிவிடும். ஆகவே மழைக்காலத்தில் மட்டுமாவது வரிசையை மாற்றுங்கள்: பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் விளையாட்டு, இருட்டிய பிறகு படிப்பும் டியூஷனும். காலையில் ஆறு மணி கடந்ததும் வெளிச்சம் வந்துவிடுவதால் பள்ளிக்குக் கிளம்பும் முன் இருபது நிமிடம் கிடைத்தாலும் நல்லது. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த 60 நிமிடத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. காலையில் இருபது, மாலையில் நாற்பது என்று பிரித்துக்கொள்ளலாம். மழை எப்போது விடும் என்று சொல்ல முடியாத காலத்தில் இப்படிப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

கேள்வி: நனைந்தால் சளி பிடிக்கும், காய்ச்சல் வரும் என்று என் தாயார் பேரப்பிள்ளைகளை வாசற்படி தாண்ட விடுவதில்லை. அவர் சொல்வது சரியா?
(வாசகர், கொருக்குப்பேட்டை)

பதில்: பாதி சரி. சளியையும் காய்ச்சலையும் உண்டாக்குவன கிருமிகள். மழைத்துளிக்கு அந்த ஆற்றல் கிடையாது. சன்னல்களைச் சாத்திக்கொண்டு ஐந்தாறு பேர் ஒரே அறையில் அடைந்திருப்பதுதான் ஒருவருடைய சளி மற்றவருக்குத் தொற்றுவதற்கு ஏற்ற சூழல். எனினும் ஈர உடையோடு நெடுநேரம் இருந்து உடல் குளிர்ந்துபோவது பிள்ளைகளுக்கு நல்லதன்று. ஆகவே உங்கள் தாயாரிடம் விளையாட்டைத் தடுக்கும் வேலைக்குப் பதிலாக, விளையாடி வருகிற பிள்ளையின் தலையை உடனே துவட்டிவிட்டு, உலர்ந்த உடை கொடுத்து, சூடாகக் குடிக்க ஏதேனும் தரும் பொறுப்பை ஒப்படையுங்கள். பாட்டிமார் அதை மிகுந்த அக்கறையோடு செய்வார்கள்.

உண்மையில் அஞ்ச வேண்டியது டெங்குவுக்குத்தான். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகான சில மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அது மும்முரமாகக் கடிக்கும் நேரம். பிள்ளைகள் விளையாடும் நேரமும் அதுவேயாதலால், முழுக்கால் சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணிவித்து அனுப்புங்கள். அந்தக் கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிட்டு ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாட்களில் வளர்ந்து பறந்துவிடுவதால், பிள்ளைகள் கூடும் இடத்தைச் சுற்றியுள்ள பழைய டயர், தேங்காய் ஓடு, உடைந்த வாளி ஆகியவற்றை வாரத்துக்கு ஒருநாள் கவிழ்த்துவிட வேண்டும். காய்ச்சலோ உடல்வலியோ உள்ள பிள்ளையை எக்காரணம் கொண்டும் ஓட விடாதீர்கள். அந்நிலையில் முழு ஓய்வும் மருத்துவரின் பார்வையும் தேவை.

கேள்வி: நீங்கள் எளிதாக வெளியே ஓடச் சொல்கிறீர்கள். எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் வரும் புகையையும் கன்டெய்னர் லாரிகளின் தூசியையும் சுவாசித்துக்கொண்டு எங்கள் பிள்ளைகள் ஓடுவது நல்லதா? என் மகளுக்கு வீசிங் தொல்லை வேறு இருக்கிறது.
(வாசகி, திருவொற்றியூர்)

பதில்: இந்தக் கேள்வியைத் தாண்டிச் சென்றுவிட எனக்கு உரிமையில்லை. அனல்மின் நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலைகளும் சூழ்ந்த பகுதியில் வாழ்கிற தாயிடம் “காலையில் நல்ல காற்று வாங்குங்கள்” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது முறையாகாது. ஓடுகிற பிள்ளை உட்கார்ந்திருக்கும் பிள்ளையைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறது என்பதும், அதையும் பெரும்பாலும் வாய்வழியாக இழுப்பதால் மூக்கின் வடிகட்டல் பயனற்றுப் போகிறது என்பதும் உண்மையே.

அதனால்தான் நாளையும் நேரத்தையும் இடத்தையும் பார்த்து ஓட வேண்டும் என்கிறேன். மத்திய, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையங்கள் மணலியிலும் கொடுங்கையூரிலும் ராயபுரத்திலும் இருக்கின்றன; அவற்றின் அளவீடுகளை மத்திய வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் பார்க்கலாம். குறியீட்டு எண் 100 வரை இருந்தால் எல்லாப் பிள்ளைகளும் விளையாடலாம். 101 முதல் 200 வரை இருந்தால் உங்கள் மகளைப் போன்றவர்கள் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு நடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 200-ஐத் தாண்டினால் அன்று எந்தப் பிள்ளைக்கும் வெளியே ஓட்டம் வேண்டாம். தீபாவளி இரவும் மறுநாள் காலையும் எண்ணைப் பார்க்காமலேயே வீட்டுக்குள் இருந்துவிடலாம்.

கூதிர் காலத்துக்கு இவ்விஷயத்தில் ஒரு நற்பேறு உண்டு. நன்றாகப் பெய்து ஓய்ந்த மழை காற்றிலுள்ள துகள்களைக் கழுவி இறக்கிவிடுகிறது. எனவே இரவில் மழை பெய்து வெறித்திருக்கும் காலைப்பொழுது வடசென்னைப் பிள்ளைக்கு ஆண்டு முழுவதிலும் கிடைக்கக்கூடிய தூய காற்றுள்ள பொழுதுகளில் ஒன்று; அதை உறங்கிக் கழிக்க விடாதீர்கள். மாறாக, மழையில்லாமல் காற்றும் அசையாமல் புகைமூட்டமாக விடிகிற நாட்களில் புகை தரையை ஒட்டியே தங்கிவிடும் என்பதால், வெயில் ஏறிக் காற்று கிளம்பும் வரை பொறுத்திருப்பது நல்லது. இடத்தைப் பொறுத்தவரை, எண்ணூர் விரைவுச் சாலை, மணலி சாலை, டி.எச். ரோடு போன்ற லாரித் தடங்களின் ஓரத்தில் ஓடாமல் இரண்டு தெரு உள்ளே தள்ளிப் போனாலே சுவாசிக்கும் புகை குறையும்.

வீசிங் உள்ள பிள்ளை விளையாடவே கூடாது என்பது தவறான எண்ணம். மருத்துவரைக் கலந்து, விளையாட்டுக்கு முன் இன்ஹேலர் எடுக்க வேண்டுமா என்று கேட்டறிந்து, பத்து நிமிடம் மெதுநடையில் உடலைச் சூடாக்கிய பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். இன்ஹேலர் வீட்டு அலமாரியில் இராமல் அவளுடைய பையிலேயே இருக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் வாயு நெடி எழுந்தால் விளையாட்டை அந்தக் கணமே நிறுத்திவிட்டு, ஈரத்துணியால் மூக்கை மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்த இரவை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் தேவையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புகையைக் குறைக்க வேண்டியது ஆலைகளின் கடமை. அதைக் கண்காணிக்க வேண்டியது அரசின் கடமை. பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பதை அதற்கு மாற்றாக நாம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. உங்கள் பகுதியின் காற்றுத்தர எண்ணை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, வார்டுக் கூட்டத்தில் கேள்வி எழுப்புங்கள்.

கேள்வி: நாங்கள் ஒன்பது பேர் கால்பந்து ஆடுகிறோம். மழை பெய்தால் எங்கள் மைதானம் குளமாகிவிடுகிறது. தண்ணீர் வடிய ஒரு வாரம் ஆகிறது. அதுவரை என்ன செய்வது, ஐயா?
(பத்தாம் வகுப்பு மாணவர், வியாசர்பாடி)

பதில்: கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடியிலிருந்து இந்தக் கேள்வி வருவது எனக்கு மகிழ்ச்சி, தம்பி. முதலில் மைதானத்தைச் சோதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குதிகாலால் தரையை ஓங்கி அழுத்திப் பாருங்கள். குதிகால் புதைந்தாலோ சுற்றிலும் நீர் கசிந்து மேலே வந்தாலோ அன்று ஆட வேண்டாம். உங்கள் கணுக்கால் பிசகும் என்பதோடு, சேற்றில் ஓடிக் குழியான தரை காய்ந்த பிறகு கல்லாக இறுகி அடுத்த இரண்டு மாதங்களுக்குப் பந்தைத் தாறுமாறாகத் துள்ள வைக்கும்.

தேங்கிய நீரில் இறங்கி ஆடுவதை நான் முற்றாகத் தடுக்கிறேன். நம் பகுதியில் மழைநீரோடு கால்வாய் நீரும் கலக்கிறது. எலியின் சிறுநீரிலிருந்து பரவும் எலிக்காய்ச்சல் கிருமி காலிலுள்ள சின்னஞ்சிறு கீறல் வழியாகவே உடலுக்குள் புகுந்துவிடும். தவறி அந்த நீரில் கால் பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், தேங்கிய நீரில் நின்றதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய, காயத்தின் வழியே வரும் ரணஜன்னியைத் தடுக்கும் டி.டி. தடுப்பூசி உங்கள் ஒன்பது பேருக்கும் போடப்பட்டிருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். பந்து மின்கம்பத்தின் அருகிலோ சாலையோர மின்பெட்டியின் அருகிலோ தேங்கிய நீரில் விழுந்தால் அந்தப் பந்தை விட்டுவிடுங்கள். அதை எடுக்க எவரும் இறங்கக் கூடாது.

அந்த ஒரு வாரத்துக்குக் கயிறு போதும். வடசென்னையின் குத்துச்சண்டைக் கூடங்களில் பயில்வோர் கையுறை மாட்டுவதற்கு முன் ஸ்கிப்பிங் கயிற்றைத்தான் கையில் எடுக்கிறார்கள். அவர்களுடைய கால் வேகமும் மூச்சுத் திறமும் அங்கிருந்தே வருகின்றன. கால்பந்து வீரனுக்குத் தேவையானவையும் அவை இரண்டுமே. ஒரு நிமிடம் தாண்டி ஒரு நிமிடம் நின்று, இப்படிப் பத்து முறை செய்தால் இருபது நிமிடம் ஆகிவிடும். ஓர் ஆள் படுக்கும் அளவு இடமும், சிமென்ட் தரையாக இருந்தால் ஒரு ஜோடி ஷூவும் இருந்தால் போதுமானது. மொட்டை மாடியில் தாண்டுவதாக இருந்தால் பாசி படிந்த இடத்தை முதலில் தேய்த்துக் கழுவிவிடுங்கள். கைப்பிடிச் சுவர் இடுப்புயரத்துக்குக் குறைவாக உள்ள மாடி எந்த ஆட்டத்துக்கும் உதவாது. தெரு உலர்ந்திருந்தால் தம்பி தங்கைகளையும் சேர்த்துக்கொண்டு பாண்டி, நொண்டி, கல்லா மண்ணா ஆடுங்கள். நொண்டியைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள்; ஒற்றைக் காலில் துரத்திப் பிடிக்கிறவனுக்குக் கணுக்கால் உறுதியும் உடற்சமநிலையும் வரும் அளவுக்கு வேறு பயிற்சியில் வருவது அரிது.

மைதானம் ஆண்டுதோறும் குளமாவதை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகாராகப் பதிவு செய்யும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம்.

கேள்வி: இடி இடித்தால் உடனே விளையாட்டை நிறுத்த வேண்டுமா, மழை வந்த பிறகு நிறுத்தினால் போதுமா?
(எட்டாம் வகுப்பு மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: உடனே நிறுத்த வேண்டும், கண்ணு. இடியோசை உன் காதில் விழுகிறது என்றாலே மின்னல் உன்னை எட்டக்கூடிய தொலைவில் இருக்கிறது என்று பொருள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். மின்னல் வெட்டியதிலிருந்து எண்ணத் தொடங்கி ஒன்பதில் இடி கேட்டால் அது மூன்று கிலோமீட்டர் தொலைவில் விழுந்திருக்கிறது. மரத்தடி, மொட்டை மாடி, கோல் கம்பம், இரும்பு வேலி ஆகியவற்றை விட்டு விலகிக் கட்டடத்துக்குள் போய்விடு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மறுபடி வெளியே வர வேண்டும். அதற்குள் வெயில் அடித்தாலும் பொறுத்திரு.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. போன ஆண்டு வரை பள்ளியில் கோகோ ஆடியவள் இப்போது நின்றுவிட்டாள். பெரிய பெண்ணாகிவிட்ட பிறகு என்ன ஓட்டம் என்று அக்கம்பக்கத்தார் பேசுகிறார்கள். அரையாண்டுத் தேர்வும் நெருங்குகிறது. எனக்கு அவளை நிறுத்த மனமில்லை.
(வாசகி, பெரம்பூர்)

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. உலகெங்கும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேர் போதிய உடலியக்கம் இல்லாதிருக்கிறார்கள் என்றும், அவர்களிலும் சிறுமியரே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2019-இல் தெரிவித்தது. நான் பார்த்தவரை நம் பள்ளிகளிலும் பெண்பிள்ளைகள் விளையாட்டிலிருந்து கழன்றுகொள்வது சரியாக உங்கள் மகளின் வயதில்தான். எலும்பு உறுதியாக வளரும் ஆண்டுகளும் அவையே. அப்போது ஓடிக் குதித்துச் சேர்த்துவைக்கும் வலிமை பிற்காலத்தில் எலும்பு தேயாமல் காக்கும்.

மாதவிலக்கு நாட்களில் விளையாடக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் ஏதுமில்லை. அவளுக்கு இயலுமானால் ஆடலாம், இயலாவிட்டால் ஓய்வெடுக்கலாம். முடிவு அவளுடையதாக இருக்கட்டும். இலேசான நடையும் நீட்சிப் பயிற்சியும் பலருக்கு வயிற்றுவலியைத் தணிக்கின்றன. சற்று ஓடினாலே மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்திருக்கிறது என்றால் இரத்தசோகை இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா என்றும் பாருங்கள். அந்த மாத்திரையைப் பைக்குள் சேர்த்து வைத்திருந்த மாணவியர் பலரை நான் அறிவேன்.

அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல உங்கள் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்று திரும்பிய காசிமா இதே வடசென்னைப் பெண்தான். கேரம் உள்ளே ஆடும் ஆட்டமாயினும், ஒரு பெண்பிள்ளையை ஆட விட்ட குடும்பம் அங்கே இருந்தது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. தேர்வைக் குறித்துக் கவலை வேண்டாம்; மாலையில் முக்கால் மணி நேரம் ஓடி வந்தவள் இரவில் கூர்மையாகப் படிப்பாள், நன்றாகவும் உறங்குவாள். முதல் சில நாட்கள் நீங்களும் அவளுடன் மைதானத்துக்குச் செல்லுங்கள். பார்த்துக்கொண்டு நிற்காமல் நீங்களும் சுற்றி நடங்கள். ஒரு வாரத்தில் வேறு இரண்டு தாய்மார்கள் உங்களோடு சேர்ந்துகொள்வார்கள்.

கேள்வி: வெளியே விளையாடினால் கண்ணாடி போட வேண்டியிராது என்கிறார்களே, அது உண்மையா?
(வாசகர், ராயபுரம்)

பதில்: கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடவும் ஓரளவு தடுக்கவும் பகல் வெளிச்சம் உதவுகிறது என்பது உண்மை. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஆறேழு வயதுப் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு சாராருக்குப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளிப்புற வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, வெளியே அழைத்துச் செல்லப்படாத பிள்ளைகளில் 39.5 விழுக்காட்டினருக்கும், அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளில் 30.4 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை ஏற்பட்டிருந்தது. மேகம் கவிந்த பகலிலும் வெளியிலுள்ள ஒளி வீட்டு விளக்கொளியைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதால், மழைக்கால மப்பும் இதற்குத் தடையாகாது. ஏற்கெனவே வந்துவிட்ட குறையை இது போக்காது. கண்ணாடி அணிகிற பிள்ளை அணிந்தபடியே விளையாட வேண்டும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் காசிமேட்டுப் பக்கம் கடற்கரைக்கு அழைத்துச் சென்று ஓட வைக்கலாமா? சர்க்கரை நோயுள்ள என் மாமியாரும் உடன் வர விரும்புகிறார். குடும்பமாகப் போய்வர வேறு இடங்களும் சொல்லுங்கள்.
(வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: கடலைப் பார்த்துக்கொண்டு சாலையோரம் நடக்கலாம், இறங்கக் கூடாது. நம் பக்கத்துக் கரையில் பெரும்பகுதி அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளாகவே இருக்கிறது. மழையில் அவை பாசி பிடித்து வழுக்கும். வடகிழக்குப் பருவத்தில் கடலும் சீற்றத்தோடு இருக்கும். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கும் நாட்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம். கடலையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அன்று படகை ஏற்றி வைத்துவிடுகிறார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

குடும்பமாகப் போக மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா இருக்கிறது. மழைக்குப் பின் அது பசுமையாக இருக்கும், நடப்பதற்குப் பாதையும் உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையின் அண்ணா பூங்கா நம் தாத்தாமார் ராபின்சன் பூங்கா என்று அழைத்த அதே இடம். 1949-இல் அங்கே நடந்த தி.மு.க. தொடக்கக் கூட்டத்தின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே சுற்றி வரலாம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம் வரை வீட்டிலிருந்தே நடந்து போய் வருவது ஒரு முழு நடைப்பயிற்சி ஆகிவிடும். பிள்ளைகளிடம் வெறுமனே நடக்கச் சொன்னால் சலித்துக்கொள்வார்கள். பார்ப்பதற்கு ஒன்று இருந்தால் தாமாகவே இரண்டு கிலோமீட்டர் நடப்பார்கள்.

மழை வெறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழவேற்காட்டுக்கும் போய் வாருங்கள். புறநகர் இரயிலில் பொன்னேரி சென்று அங்கிருந்து பேருந்தில் போகலாம். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி நம் வீட்டிலிருந்து அரைநாள் பயணத்துக்குள் இருக்கிறது; பருவமழைக்குப் பின் பூநாரைகள் அங்கே வந்து இறங்கும். கரையோரம் ஒரு மணி நேரம் நடந்து பறவைகளை எண்ணும் பிள்ளை அன்றைய 60 நிமிடத்தை அறியாமலே முடித்துவிடும். படகில் மட்டும் ஏறாதீர்கள்.

உங்கள் மாமியாரை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலியக்கம் தேவை. நாளுக்கு அரைமணியாக ஐந்து நாள் நடந்தால் அது நிறைவேறும். சர்க்கரை உள்ளவர்கள் ஈரத்தரையில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. வீடு திரும்பியதும் கால்விரல் இடுக்கை உலரத் துடைத்து, உள்ளங்காலில் புண்ணோ கொப்புளமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அவருக்குப் பார்வை மங்கலாக இருந்தால் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். மடியில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். படபடப்பும் நடுக்கமும் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

கேள்வி: மழை நாட்களில் எங்கள் பள்ளியில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஆசிரியராக நான் என்ன செய்யலாம்?
(ஆசிரியை, கொடுங்கையூர்)

பதில்: வராந்தாவைக் கேட்டு வாங்குங்கள். நாற்பது பிள்ளைகளை இரு வரிசையாக நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓட்டம், உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தண்டால் என்று இருபது நிமிடம் செய்விக்க முடியும், நான் செய்வித்திருக்கிறேன். இழந்த பாடவேளையை மழை விட்ட வாரத்தில் திருப்பித் தர வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி, கால அட்டவணையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி உறுதி டிசம்பர் வரை நிற்பதில்லை.

கேள்வி: என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூதான். மாலையில் ஈரமாக்கிவிட்டால் காலையில் பள்ளிக்குப் போட்டுக்கொள்ள முடியாது என்பதாலேயே வெளியே விடுவதில்லை.
(வாசகி, புளியந்தோப்பு)

பதில்: எத்தனையோ வீடுகளில் உள்ள உண்மையான தடை இதுதான், வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. பள்ளி ஷூவை மாலையில் வீட்டில் விட்டுவிட்டு, பின்பக்கம் வார் உள்ள பழைய செருப்போடு பிள்ளைகள் விளையாடலாம். பாண்டிக்கும் நடைக்கும் அது போதும். ஷூ நனைந்தே விட்டால் சேற்றைக் கழுவி, நாடாவை உருவி, உள்ளிருக்கும் அட்டையை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி மூக்குப் பகுதி வரை இறுகத் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டுப் புதுத்தாள் வைத்து, படுக்கப் போகும் முன் இன்னொரு முறை மாற்றி, மின்விசிறிக்குக் கீழே சுவரில் சாய்த்து வைத்தால் விடிவதற்குள் போட்டுக்கொள்ளும் அளவுக்குக் காய்ந்துவிடும். கேஸ் அடுப்பின் அருகே மட்டும் வைக்க வேண்டாம். அடிப்பாகத்தை ஒட்டியிருக்கும் பசை விட்டுப் போகும்.